உரம் கேட்காத செடி: வீட்டுக்குள் கெண்டிச் செடி வளர்ப்போம்



வீட்டுத்தோட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட்தான். இம்முறை கறிக்கு உதவாத ஒரு செடியைப் பற்றி எழுதுகிறோம். அதன் பெயர் கெண்டிச் செடி. இலையின் நுனியில் சிறிய கெண்டி போல ஒன்று தொங்கும். அதற்குள் எறும்பும் பூச்சியும் விழுந்து செத்துச் செடிக்கு உணவாகும். இதை நமது லயத்துக் காம்பராவுக்குள்ளேயே வளர்க்கலாம். ஆனால் நாங்கள் முதலில் அதைக் கொன்றுதான் பாடம் படித்தோம். அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஒரு பையனும் ஒரு தேக்கரண்டி உரமும்

எங்கள் பிரிவில் ஒரு பையன் அம்மாயியோடு இருக்கிறான். அவன் அம்மா கொழும்பில் வீட்டு வேலை செய்கிறார். ஒரு தீபாவளிக்கு வந்தபோது, வழியில் செடி விற்கும் இடத்தில் ஒரு கெண்டிச் செடியை வாங்கி வந்து மகனிடம் கொடுத்தார். "இது பூச்சி திங்கிற செடி தம்பி. நான் திரும்பி வர்ற வரைக்கும் நல்லா பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தைப்பொங்கல் வருமுன் கெண்டிகள் எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டன. பையன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். "ஐயா, இது ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது" என்றான். கூட வந்த அம்மாயி, "மலைக்குப் போடுற ஒரத்துல கொஞ்சம் போட்டா தெளிஞ்சிரும்தானுங்களே ஐயா?" என்று கேட்டார். நாங்களும் தலையாட்டினோம். ஒரு தேக்கரண்டி தேயிலை உரத்தை எங்கள் கையாலேயே போட்டுத் தண்ணீரும் ஊற்றினோம்.

பத்து நாளில் கீழ் இலைகள் ஓரம் கருகின. மூன்றாம் வாரம் அடித்தண்டு கறுத்தது. பையன் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அம்மா வந்து கேட்டா என்ன சொல்றது ஐயா?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகுதான் இந்தச் செடியைப் பற்றி விசாரிக்கவும் படிக்கவும் தொடங்கினோம். முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தோம்.

ஏன் உரம் ஆகாது?

தேயிலையில் ஒவ்வொரு சுற்றும் கொழுந்தைக் கிள்ளி எடுக்கிறோம். எடுத்த சத்துக்கு ஈடாக மண்ணில் உரம் போடுகிறோம். கெண்டிச் செடியின் பிழைப்பு வேறு. அது மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போன மண்ணிலும், ஈரமான மணலிலும், சதுப்பு ஓரங்களிலும் முளைப்பது. அங்கே நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. வேரால் கிடைக்காததை இலையால் தேடிக்கொள்ள அது பழகிவிட்டது.

இலையின் நடு நரம்பு நுனியைத் தாண்டிக் கொடி போல நீண்டு, அதன் முனை வீங்கிக் கெண்டியாகிறது. ஆகவே கெண்டி என்பது பூவும் அல்ல, காயும் அல்ல. அது இலையின் ஒரு பகுதி. கெண்டியின் வாய் விளிம்பிலும் மூடியின் அடியிலும் தேன் சுரக்கும். தேனுக்கு வரும் எறும்பு, ஈரமான விளிம்பில் கால் வழுக்கி உள்ளே விழும். மழையிலும் மூடுபனியிலும் விளிம்பு நனைந்திருக்கும்போதுதான் வழுக்கல் அதிகம். பல இனங்களில் உட்சுவரில் மெழுகுப் பூச்சும் உண்டு, ஏறி வர முடியாது. அடியில் இருக்கும் நீர் வெறும் மழை நீர் அல்ல. செடியே சுரக்கும் செரிமான நீர் அது. நமது வயிற்றைப் போல அது பூச்சியைக் கரைத்துச் சத்தை உறிஞ்சுகிறது.

மூடி டப்பென்று மூடிப் பூச்சியைப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒருமுறை திறந்த மூடி திரும்ப மூடாது. மழை நீர் நிறைந்து செரிமான நீர் நீர்த்துப் போகாமல் குடை பிடிப்பதே அதன் வேலை.

இப்படிப்பட்ட செடியின் வேர் மெல்லியது. தேயிலை உரத்தின் உப்பு அதன் ஈரத்தை உறிஞ்சி வேரைக் கருக்கிவிடும். எங்கள் ஒரு தேக்கரண்டி செய்தது அதைத்தான்.

இது நம் நாட்டுச் செடியும்தான்

இலங்கையில் இயற்கையாக வளரும் கெண்டிச் செடி ஒரே இனம். உலகில் வேறெங்கும் அது காட்டில் வளர்வதில்லை. சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். களுத்துறை, காலி, இரத்தினபுரிப் பக்கங்களில், சிங்கராஜ வனத்தைச் சுற்றி, ஈரமான திறந்த இடங்களில் புதர்மேல் படர்ந்து கிடக்கும். றப்பர் தோட்டங்களில் சொந்தக்காரர் உள்ளவர்கள் பார்த்திருப்பீர்கள்.

1670களில் டச்சுக் கம்பனியின் வைத்தியராக இங்கே இருந்த போல் ஹெர்மன் நமது நாட்டுத் தாவரங்களைச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பை வைத்தே சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1747ஆம் ஆண்டு இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1753இல் அவர் நமது பாந்துராவுக்கு நெப்பந்தீஸ் டிஸ்டிலட்டோரியா என்று பெயரிட்டார். நெப்பந்தீஸ் என்பது பழைய கிரேக்கக் காவியத்தில் வரும், துக்கத்தை மறக்கச் செய்யும் ஒரு மருந்தின் பெயர்.

இந்தியாவில் மேகாலயா மலைகளில் இன்னொரு இனம் இருக்கிறது. அங்குள்ள காரோ மக்கள் அதை மேமாங் கோக்சி என்கிறார்கள். பேயின் கூடை என்று பொருள். மக்கள் பிடுங்கிப் பிடுங்கி அது அருகிவிட்டது. இன்று சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

நமது பாந்துராவும் அழியும் ஆபத்துள்ள செடிகளில் ஒன்றாகக் கணிக்கப்பட்டுள்ளது. ஆகவே சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது வழியில் கண்டதைப் பிடுங்கி வராதீர்கள். பாதுகாக்கப்பட்ட வனத்தில் எந்தச் செடியைப் பிடுங்குவதும் சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம் இருக்க, பிடுங்கிய பாந்துரா நம் வீட்டில் பிழைப்பதும் அரிது. வேர் அறுந்து வரும். அதோடு அது கீழ்நாட்டு வெப்பத்துக்குப் பழகியது. அக்கரப்பத்தனை 5,000 அடி மட்டத்தில் இருக்கிறது. தை, மாசி இரவுக் குளிரை அது தாங்காது.

எந்தச் செடி நமக்கு ஏற்றது?

கெண்டிச் செடிகளில் கீழ்நாட்டு வகை, மலைநாட்டு வகை என்று இரண்டு உண்டு. போர்னியோ, சுமாத்ரா, பிலிப்பைன்ஸ் மலைகளில் உள்ளவை பகலில் மிதமான வெப்பத்தையும் இரவில் குளிரையும் விரும்பும். நமது காலநிலையும் அதுதானே! வெளிநாட்டில் பலர் கண்ணாடிப் பெட்டிக்குள் இயந்திரம் வைத்து உண்டாக்கும் குளிரும் ஈரமும் நமக்கு இனாமாகக் கிடைக்கிறது.

இதைச் சும்மா சொல்லவில்லை. போர்னியோ எக்ஸோட்டிக்ஸ் என்ற நிறுவனம் நமது இலங்கையிலேயே கெண்டிச் செடிகளை வளர்த்து, லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் பல தடவை தங்கப் பதக்கம் பெற்றது. அதை நடத்திய ரொபர்ட் கான்ட்லியின் பெயரை 2011இல் ஒரு புதிய பிலிப்பைன்ஸ் இனத்துக்கே வைத்தார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வென்ட்ராட்டா என்ற கலப்பு வகையைத் தேடுங்கள். பிலிப்பைன்ஸ் இனங்கள் இரண்டைச் சேர்த்து உண்டாக்கியது. சிவப்பும் பச்சையும் கலந்த, இடுப்புச் சிறுத்த கெண்டி. குளிரையும் தாங்கும், சிறு பிழைகளையும் பொறுக்கும். பையனின் அம்மா வாங்கி வந்ததும் இதைத்தான் என்று பிறகு தெரிந்தது. பெயர் தெரியாவிட்டால், தொட்டியிலேயே வளர்ந்ததா என்று விற்பவரிடம் கேட்டு, புதிய இலை விட்டிருக்கும் செடியாகப் பார்த்து வாங்குங்கள். கெண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வளர்க்கும் முறை

1. வெளிச்சம். கிழக்குப் பார்த்த ஜன்னல் மிக நல்லது. காலை வெயில் 3, 4 மணி நேரம் படலாம். நடுப்பகல் வெயில் நேரே படக் கூடாது. செடி வைக்கும் இடத்தில் பகலில் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் தெளிவாக விழுந்தால் வெளிச்சம் போதும். விழாவிட்டால் அங்கே செடி உயிரோடு இருக்கலாம், கெண்டி வராது. நமது காம்பராக்கள் பலவற்றில் ஜன்னல் சிறியது என்பது எங்களுக்குத் தெரியும். அப்படியானால் இஸ்தோப்பு வளையில் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். இரவில் பனி கொட்டும் மாதங்களில் மட்டும் உள்ளே எடுத்துவிடுங்கள்.

2. தொட்டி. 5 அல்லது 6 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டி போதும். அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். பழைய வாளியிலும் ஓட்டை போட்டு வைக்கலாம். உரம் கரைத்த வாளி, மருந்து கலந்த வாளி மட்டும் வேண்டாம்.

3. நடும் கலவை. தோட்டத்து மண் வேண்டாம், சாணம் வேண்டாம், கூட்டெரு வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டும் தும்பும் 2 பங்கு, அடுப்புக் கரித்துண்டு 1 பங்கு, கழுவிய பரும்படி ஆற்று மணல் 1 பங்கு. தேங்காய் மட்டையில் உப்பு இருக்கும். 3 நாள் ஊறவைத்து ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்றுங்கள். கரி போடலாம், சாம்பல் போடக் கூடாது. டொலமைட், சுண்ணாம்பும் ஆகாது. தேயிலை மரத்தில் எடுக்கும் பாசியையும் போடாதீர்கள், அதில் மருந்து இருக்கும்.

4. தண்ணீர். மழைத் தண்ணீரே மேல். தகரக் கூரையில் முதல் மழை அழுக்கைக் கழுவிப் போகட்டும், பிறகு பிடியுங்கள். நல்ல பீலித் தண்ணீரும் ஆகும். குளோரின் போட்ட தண்ணீரைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். கலவையின் மேற்பரப்பு காயத் தொடங்கும்போது, அடியால் வழியும் வரை ஊற்றுங்கள். கலவை எப்போதும் பிழிந்த துணி போல ஈரமாக இருக்க வேண்டும். தொட்டியைத் தண்ணீரில் நிற்க வைத்தால் வேர் அழுகும்.

5. காற்றின் ஈரம். ஆடி, ஆவணி மூடுபனி மாதங்களில் கவலையில்லை. தை முதல் பங்குனி வரை காற்று காயும்போது காலையில் இலைமேல் தண்ணீர் தெளியுங்கள். வாங்கி வந்த புதிதில் 3, 4 வாரம் ஓட்டை போட்ட வெள்ளைப் பொலித்தீன் பையால் மூடி வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

6. அடுப்படி. குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று அடுப்புப் பக்கம் வைப்பார்கள். விறகுப் புகையும் கரியும் இலையில் படிந்தால் வெளிச்சம் படாது. சூடும் காயவைக்கும். தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை ஈரத் துணியால் இலையைத் துடையுங்கள்.

7. சாப்பாடு. இதுதான் பிள்ளைகளுக்கு ஆசையான வேலை. ஆனால் எறும்பு தானாகவே வரும். வராவிட்டால் ஒரு கெண்டிக்கு மாதம் ஒன்றிரண்டு எறும்போ ஈயோ போதும். இறைச்சித் துண்டு, சோறு, பால், சீனி எதுவும் வேண்டாம். கெண்டி அழுகி நாறும். உள்ளே இருக்கும் நீரைக் கவிழ்த்துக் கொட்டவும் கூடாது.

செடி சொல்லும் குறிகள்

வாங்கி வந்த கெண்டிகள் சில வாரங்களில் காய்வது வழக்கம். இடம் மாறிய செடி அப்படித்தான். காய்ந்த கெண்டியை மட்டும் வெட்டிவிட்டுப் பொறுத்திருங்கள். பையனின் செடிக்கும் நடந்தது அதுதான். அது நோயே இல்லை. நாங்கள் நோய் என்று நினைத்து மருந்து கொடுத்தோம்.

புதிய இலை வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். புதிய இலை நன்றாக வந்தால் செடி நலம். இலை கரும்பச்சையாக நீண்டு தொய்ந்து, நுனியில் கெண்டி வராவிட்டால் வெளிச்சம் போதாது. நுனியில் மொட்டு வந்து காய்ந்து போனால் காற்றில் ஈரம் போதாது. இலை வெளுத்துத் திட்டுத் திட்டாகக் கருகினால் வெயில் அதிகம். அடித்தண்டு கறுத்தால் வேர் அழுகுகிறது அல்லது உப்பு ஏறியிருக்கிறது. உடனே செய்ய வேண்டியதைக் கீழே சொல்கிறோம்.

தேயிலைத் தவறணைக் கை

செடி கறுத்து வந்தபோது அதைக் காப்பாற்றியது நாங்கள் அல்ல. தவறணையில் பல வருடம் வேலை செய்த அந்த அம்மாயிதான். ஒரு இலையும் ஒரு மொட்டும் உள்ள துண்டை வெட்டி, பையில் நட்டு, பொலித்தீன் மூடித் தேயிலை நாற்று உண்டாக்கிய கை அது. "மேல் தண்டு இன்னும் பச்சையாத்தானே இருக்கு. வெட்டி வெச்சுப் பார்ப்போமே" என்றார். கெண்டிச் செடிக்கும் ஏறக்குறைய அதே முறைதான்.

நோயில்லாத தண்டில் 2, 3 இலைக் கணுக்கள் வரும்படி கூரான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். இலைகளைப் பாதியாக நறுக்குங்கள். மேலே சொன்ன கலவையில், உரமில்லாமல், ஒரு கணு உள்ளே போகும்படி நடுங்கள். பொலித்தீனால் மூடி, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். வேர் விட 2, 3 மாதம் ஆகும். நமது குளிரில் இன்னும் தாமதிக்கலாம். வேர் வந்ததா என்று இழுத்துப் பார்க்காதீர்கள். அம்மாயி பையனுக்குச் சொன்ன ஒரே கட்டளை அதுதான்.

அவர் மாசியில் 3 துண்டு வைத்தார். இரண்டு அழுகின. ஒன்று வைகாசியில் புதிய இலை விட்டது.

வாசகர்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

கெண்டித் தண்ணீரில் டெங்கு நுளம்பு வளருமா?
பயம் முக்கியமாகக் கெண்டியில் அல்ல, தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டிலும் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாயிலும்தான். தட்டைத் தினமும் கவிழ்த்துவிடுங்கள். பீப்பாயை இறுக்கி மூடுங்கள். பழைய கெண்டியில் புழு நெளிவதைக் கண்டால் அந்தக் கெண்டியை வெட்டி எறியுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆபத்தா?
விரலை விட்டால் கடிக்காது, பிடித்துக்கொள்ளாது. பூச்சி கிடக்கும் நீர் என்பதால் தொட்டபின் கை கழுவச் சொல்லுங்கள். குடிக்கவிடாதீர்கள்.

ஹோட்டன் சமவெளிப் பக்கம் ஈரப் புல்லில் சிவப்பு முடியும் பசையும் உள்ள சிறு செடி இருக்கிறதே, அதைக் கொண்டு வந்து வளர்க்கலாமா?
அது ட்ரொசேரா என்னும் இன்னொரு பூச்சி உண்ணும் செடி. 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பார்த்துவிட்டு வாருங்கள், தோண்ட வேண்டாம்.

நாற்று உண்டாக்கி விற்கலாமா?
சொந்தச் செடியில் வெட்டிய நாற்றை ஊருக்குள் விற்பதில் சிறு வருமானம் வரலாம். நாட் சம்பளத்துக்கு ஈடாகும் என்று ஆசை காட்ட மாட்டோம். வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும். கெண்டிச் செடிகள் எல்லாமே சர்வதேசக் கட்டுப்பாட்டில் உள்ளவை.

முடிவாக

அடுத்த தீபாவளிக்குப் பையனின் அம்மா வந்தார். வாங்கிக் கொடுத்த செடி இல்லை. அதன் தலைத்துண்டிலிருந்து வந்த சிறு செடி இருந்தது. நான்கு இலை, விரல் நீளத்தில் இரண்டு கெண்டி. பையன் நடந்ததை எல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், எங்கள் தேக்கரண்டியையும் சேர்த்து. அந்த அம்மா எங்களைக் கண்டு சிரித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஒரு செடியோ பிள்ளையோ வாடினால் எதையாவது கொடுத்துத் தேற்றப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள குணம். கொடுக்கும் முன் அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்ப்போம். கெண்டிச் செடி கேட்பது வெளிச்சமும், மழைத் தண்ணீரும், பொறுமையும் மட்டுமே. உரப் பையைத் தேயிலை மலைக்கே விட்டுவிடுங்கள். தொட்டியை ஜன்னலில் வைத்து, புதிய இலை எப்போது வரும் என்று பிள்ளைகளோடு சேர்ந்து காத்திருங்கள்.